மாயேபூர்க் கடற்கழி ஓரம்: நடக்கும் கரை யாருடையது, அது எதனால் நிற்கிறது

மொரிசியசின் தென்கிழக்கில், மாயேபூரிலிருந்து புளூ பே வரை நீளும் கரையில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு நடக்கப் போகும் குடும்பங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. மணலை ஒட்டி வரிசையாக வீடுகள் நிற்கின்றன. சில இடங்களில் மதில் தண்ணீர் வரை இறங்கி வருகிறது. 'தனியார் இடம்' என்ற பலகையைக் கண்டதும் பலர் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் சட்டம் ஒரு கோட்டைக் கொண்டு பேசுகிறது; அந்தக் கோட்டைக் கடல் வரைகிறது; கடலைப் பவளத்திட்டு கட்டுப்படுத்துகிறது. ஆகவே திட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காயல் வேறு, லாகோன் வேறு

கடற்கழி, காயல் என்ற சொற்களைக் கேட்டதும் தமிழர் மனத்தில் எழுவது பழவேற்காடு போன்ற நீர்ப்பரப்பு. அங்கே கடலுக்கும் கழிக்கும் நடுவில் மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலப்பதால் உப்பு பருவத்துக்குப் பருவம் கூடியும் குறைந்தும் வருகிறது. மொரிசியசில் எல்லாரும் 'லாகோன்' என்று சொல்வது அமைப்பில் வேறுபட்டது. இங்கே கடலை மறிப்பது பவளம். திட்டுக்கு உள்ளே இருப்பதும் கடல்நீரே. ஆற்று முகங்களை ஒட்டிய சேற்றுப் பகுதிகளில் மட்டுமே நீரின் தன்மை மாறி, அங்கே கண்டல் மரங்கள் வேர் ஊன்றுகின்றன.

மொரிசியஸ் ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலையால் உருவான தீவு. எரிமலை ஓய்ந்த கரையைச் சுற்றிப் பவளம் வளர நீண்ட காலம் கிடைத்தது. அதனால் தீவின் பெரும்பகுதியைத் திட்டு சூழ்ந்திருக்கிறது. தெற்கே சுயாக் பக்கம் மட்டும் திட்டு விட்டுப்போய், பாறை முகடுகளில் அலை நேரடியாக மோதுகிறது. வயதில் மிக இளைய ரெயூனியோன் தீவில் திட்டு மேற்குக் கரையில் சிறிது தூரமே உண்டு. இரு தீவுகளிலும் கடற்கரை நடையின் இயல்பு இவ்வளவு வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

மொரிசியசின் பெரும்பாலான திட்டுகள் கரையை ஒட்டியவை. மாயேபூருக்கு எதிரே இருப்பது கரையிலிருந்து வெகுவாக விலகி, நடுவே ஆழமான நீரை விட்டு நிற்கும் தடுப்புத் திட்டு. ஆகவே இந்தக் கழி அகலமானது. அதனுள் தீவுகள் உண்டு. கப்பல் நுழையும் ஆழமான வாய்க்காலும் உண்டு. இந்த ஊர்களின் வரலாறு முழுவதும் அந்த வாய்க்காலின் வழியாகவே உள்ளே வந்தது.

நடை எளிதாக இருப்பதற்குக் காரணங்கள்

1. பெருங்கடலின் அலை தன் வலிமையைத் திட்டின் மேலேயே இழந்துவிடுகிறது. கரைக்கு வந்து சேர்வது சிற்றலை. கணுக்கால் நீரில் குழந்தை நடக்க முடிவதற்கு இதுவே அடிப்படை. திட்டில் இடைவெளி இருக்கும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு இல்லை. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள லா காம்பூஸ் கரை பார்ப்பதற்கு இதே அழகோடு இருந்தாலும் அங்கே நீரோட்டம் ஆளை இழுக்கும். மணலில் நடக்கலாம், நீரில் பிள்ளைகளை இறக்கக் கூடாது.

2. இங்கே கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ அரை மீட்டர் அளவே. திடீரென நீர் சூழ்ந்து வழி மறிப்பது அரிது. ஆனால் கரை தட்டையாக இருப்பதால், அந்த அரை மீட்டரே மணலின் அகலத்தைப் பல அடி கூட்டவும் குறைக்கவும் போதுமானது. மதில்கள் தண்ணீரைத் தொடும் இடங்களில் இது முக்கியமாகிறது.

3. தென்கிழக்குக் காற்று மே முதல் அக்டோபர் வரை இக்கரையில் நேராக வீசுகிறது. காற்று வலுப்பதற்கு முன், காலை வேளையில் நடப்பது வயதானவர்களுக்கு உகந்தது.

பாதத்துக்கு ரப்பர் செருப்பு அவசியம். கடல் முள்ளெலிகளும், கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் 'லாஃப்' என்ற நச்சு முள் மீனும் கழியின் அடியில் உண்டு.

ஊர் இடம் மாறிய கதை

1598 செப்டம்பரில் டச்சுக் கப்பல்கள் இந்தக் கழிக்குள் நுழைந்து, தம் இளவரசர் மவுரிட்ஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டின. 1638-இல் கழியின் வடபகுதியில், இன்று வியே கிராண் போர் (பிரெஞ்சில் 'போர்' என்றால் துறைமுகம்) எனப்படும் இடத்தில், ஃபிரடெரிக் ஹெண்ட்ரிக் கோட்டை எழுந்தது. அதற்கு 25 ஆண்டுகள் முன்பே, 1613-இல், பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்களும் டச்சுக்காரர்களே. அலை அடங்கிய நீர், கப்பலுக்கு ஒரு வாய், பின்னால் குடிநீர் என்ற கணக்கை இரு கரைகளிலும் அவர்கள் போட்டிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. கரும்பையும் ஜாவா மானையும் இத்தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1710-இல் அவர்கள் வெளியேறினார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவை எடுத்துக்கொண்டார்கள்.

தீவின் முதல் குடியிருப்பு இங்கே இருந்தும் தலைநகர் ஏன் போர் லூயிக்குப் போனது என்று கேட்பவர்களுக்கு விடை காற்றில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று பாய்மரக் கப்பலை இந்தக் கழிக்குள் எளிதாகத் தள்ளிவிடும். ஆனால் வெளியேற வேண்டிய கப்பல் அதே காற்றை எதிர்த்து, பவளத்துக்கு நடுவே குறுகிய வாய்க்காலில் போயாக வேண்டும். காற்று மறைவில் இருக்கும் வடமேற்குக் கரையில் அந்தத் தொல்லை இல்லை. 1735-இல் ஆளுநராக வந்த மாயே தெ லா பூர்தொனே போர் லூயியைத் துறைமுக நகரமாக வளர்த்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆளுநர் தெக்கான் காலத்தில், கழியின் தென்பகுதியில் புதிய ஊர் நிறுவப்பட்டது. அதற்கு லா பூர்தொனேயின் நினைவாக மாயேபூர் என்று பெயர். பழைய ஊர் 'வியே', அதாவது 'பழைய', என்ற அடைமொழியோடு பின்தங்கியது.

1810 ஆகஸ்டில் நடந்த கிராண் போர்க் கடற்போரை இந்த அமைப்பு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. வாய்க்காலின் முகப்பில் இல் தெ லா பாஸ் என்ற சிறு தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் அதைப் பிடித்து, பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, உள்ளே வந்த பிரெஞ்சுக் கப்பல்களை ஏமாற்ற முயன்றார்கள். பிரெஞ்சுத் தளபதி துப்பெரேயின் கப்பல்கள் அந்தத் தீவைக் கடந்து, உள்கழியில் கரையை ஒட்டி நங்கூரமிட்டன. பின்தொடர்ந்த ஆங்கிலக் கப்பல்கள் வழி அறியாமல் பவளத்தில் தட்டி நின்றன. சிரியஸ், மஜிசியன் என்ற இரு கப்பல்களையும் அவற்றின் மாலுமிகளே எரிக்க நேர்ந்தது; நெரெயிட் சிதைந்து பிடிபட்டது; இஃபிஜீனியா சரணடைந்தது. பீரங்கியின் பங்குக்குக் குறையாமல் திட்டுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு. நெப்போலியன் காலத்துக் கடற்போர்களில் பாரிஸ் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டது இது ஒன்றே. காயமடைந்த துப்பெரேயும் ஆங்கிலத் தளபதி வில்லோபியும் ஒரே வீட்டில் சிகிச்சை பெற்றார்கள். அந்த வீடே இன்றைய மாயேபூர் அருங்காட்சியகம். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஆங்கிலேயர் வடக்குக் கரையில் இறங்கி, டிசம்பரில் தீவைக் கைப்பற்றிவிட்டார்கள்.

1865-இல் போர் லூயியிலிருந்து மாயேபூர் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மாயேபூரின் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க், ஊருக்கு அருகிலுள்ள மார் ஓ சோஞ்ச் சதுப்பில் டோடோ பறவையின் எலும்புகளைத் தேடி எடுத்து, உலக அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் மலேரியா கரையோர மக்களைக் கொன்று குவித்தது. வசதி உள்ளவர்கள் குர்பிப் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாயேபூரின் பழைய தெருக்கள் இன்றும் சிறிய அளவிலேயே இருப்பதில் அந்த நோய்க்கும் பங்கு உண்டு.

நடப்பதே குற்றமாக இருந்த காலம்

கரையின் உரிமையைப் பற்றிப் பேசும்போது, கிராண் போர் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்களின் நிலையை விட்டுவிட முடியாது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வந்திறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவருக்கு 'பழைய குடியேறி' என்று பெயர். 1867-இல் வந்த தொழிலாளர் சட்டம் அவர்களை நிழற்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்கும்படி கட்டாயப்படுத்தியது. வேறு மாவட்டத்துக்குள் போகத் தனி அனுமதி தேவைப்பட்டது. சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தவர் 'நாடோடி' என்ற குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

தோட்ட முதலாளி வகுப்பைச் சார்ந்தவராயிருந்தும் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் 1871-இல் இந்தக் கொடுமைக்கு எதிராக, 9,401 பழைய குடியேறிகள் கையொப்பமிட்ட மனுவை ஆளுநரிடம் கொடுத்தார். அதன் விளைவாக 1872-இல் அரச விசாரணை ஆணையம் தீவுக்கு வந்தது. அதன் அறிக்கை மனுவின் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் உண்மை என்று காட்டியது. கடற்கரையில் குடும்பமாக நடப்பது சிறிய இன்பம் என்று எண்ணுபவர்கள், ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்குக் கால்நடையாகப் போனதற்காகச் சிறை சென்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பலகையைக் கண்டு திரும்பிவிடுவதற்கு முன், அந்தப் பலகை எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று அறிந்துகொள்வது நமக்குக் கடமையாகவே தோன்றுகிறது.

ஐம்பது எட்டுகளின் சட்டம்

கடலோர அரசு நிலத்தைக் குறிக்கும் 'பா ஜியோமெட்ரிக்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'அளவையில் பயன்படும் எட்டு', அதாவது காலடி வீச்சு, என்று பொருள். ஓர் எட்டு என்பது 5 பழைய பிரெஞ்சு அடி. கடலோரம் 50 எட்டு அகல நிலத்தைப் பாதுகாப்புக்காக அரசு வைத்துக்கொள்ளும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தது. பீரங்கி மேடைகளுக்கும் காவலுக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. தெக்கான் 1807-இல் அதை ஒழுங்குபடுத்தினார். ஆங்கிலேயர் 1895-இல் தனிச் சட்டம் செய்தார்கள். 250 பிரெஞ்சு அடியை மீட்டரில் மாற்றினால் 81 மீட்டர் 21 சென்டிமீட்டர் வருகிறது. சட்டத்தில் இந்த விசித்திரமான எண் நிற்பது இதனால்தான்.

இந்த அகலம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதே சாரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் உயர்ந்த ஏற்றத்தில் கடல்நீர் தொடும் கோடுதான் தொடக்கம். அதைக் கொண்டு கரையை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம்.

1. அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கம் உள்ள மணல் பொதுச் சொத்து. அது எவருக்கும் விற்கப்படுவதில்லை. வீட்டுக்கு முன்னால் இருந்தாலும், தங்கும் விடுதிக்கு முன்னால் இருந்தாலும் அங்கே நடக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாயேபூருக்கும் புளூ பேக்கும் இடையே உள்ள புவாந்த் தெஸ்னியின் நீண்ட மணலில் நடப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதையே: ஈர மணலில் கால் இருக்கும் வரை ஐயத்துக்கு இடமில்லை.

2. கோட்டுக்கு மேலே உள்ள 81.21 மீட்டர் அகல நிலமும் அரசுடையது. ஆனால் அதை அரசு குத்தகைக்கு விடுகிறது. 'காம்ப்மான்' எனப்படும் கடலோர வீடுகளும் பல விடுதிகளும் இத்தகைய குத்தகை நிலத்தில் நிற்கின்றன. குத்தகைக்காரர் நிலத்தின் உடைமையாளர் அல்லர் என்றாலும், குத்தகை எல்லைக்குள் அவருடைய தோட்டத்தின் வழியே நடந்துபோக மற்றவர்களுக்கு உரிமை கிடையாது. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது: 'எல்லாம் அரசு நிலம், எங்கும் நடக்கலாம்' என்பதும் தவறு, 'வீட்டுக்கு முன்னால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரருடையது' என்பதும் தவறு.

3. இதே நிலத்தில் சில துண்டுகளை அரசு 'பொதுக் கடற்கரை' என்று அறிவித்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட கடற்கரை ஆணையம் அவற்றைப் பராமரிக்கிறது. அங்கே சவுக்கு நிழல், கழிப்பிடம், வண்டி நிறுத்துமிடம் உண்டு. காய்ந்த மணலிலும் உட்காரலாம், சாப்பிடலாம். புளூ பே அத்தகையது. வயதானவர்களோடு போகும் குடும்பம் நடையை இங்கே முடித்துக்கொள்வது நல்லது.

எங்கே நடக்கலாம்

மாயேபூரில் திங்கட்கிழமைச் சந்தையில் தொடங்கி, கடலோர உலாச்சாலை வழியாக, 1810 போரில் இறந்த இரு தரப்பு மாலுமிகளுக்கும் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் வரை போவது முழுக்கச் சமதரை; தள்ளுவண்டியும் உருளும். அங்கிருந்து கேவண்டிஷ் பாலத்தைக் கடந்தால் வில் நுவார். 1870 முதல் மரவள்ளிக் கிழங்கில் பிஸ்கட் செய்துவரும் பழைய தொழிற்கூடம் அங்கே இருக்கிறது.

புவாந்த் ஜெரோமிலிருந்து புளூ பே வரை மணல் வழியே போவதற்கு வற்றத்தின் நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கரையில் அடம்புக் கொடி படர்ந்திருக்கும் இடங்களில் அதை மிதிக்காமல் நடப்பது நலம். நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் 'அடும்பு' என்று வரும் அதே கொடிதான் இங்கும் மணலைப் பிடித்து வைக்கிறது. வீடுகளுக்குப் பின்னால் உள்ள புவாந்த் தெஸ்னி ஈரநிலம் 2011-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. புளூ பே கடல் பூங்கா அதற்கு முன் 2008-இலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

எதிரே தெரியும் இல் ஓ செக்ரெத் தீவு 26 ஹெக்டேர் அளவுள்ள காப்பகம். மொரிசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையின் வழிகாட்டியோடு மட்டுமே அங்கே இறங்கலாம். கருங்காலி மரங்களும் இளஞ்சிவப்புப் புறாக்களும் பேராமைகளும் உள்ள அந்தச் சுற்று மெதுவாக நடப்பவர்களுக்கும் ஏற்றது. வியே கிராண் போரில் டச்சுக் கோட்டையின் இடிபாடுகளும் அதையொட்டிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. அங்கே கரை சேறும் கண்டலும் நிறைந்தது. கடலில் இறங்கும் எண்ணத்தோடு போகக் கூடாது.

2020-இல் நடந்தது ஏன் இங்கே இவ்வளவு ஆழமாகப் பாதித்தது

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே திட்டில் மோதி நின்றது. ஆகஸ்டு 6 அன்று அதிலிருந்து எரியெண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. உலகின் பெரிய எண்ணெய் விபத்துகளோடு ஒப்பிட்டால் இந்த அளவு சிறியது. ஆனால் திறந்த கடலில் கொட்டியிருந்தால் அலையிலும் காற்றிலும் சிதறியிருக்கக்கூடிய எண்ணெய், திட்டின் மேலேயே கொட்டியதால் காற்றால் கழிக்குள் தள்ளப்பட்டு, வெளியேற வழியின்றி மாயேபூர் வரையும் அதற்கு வடக்கே கண்டல் வேர்களுக்குள்ளும் புகுந்தது. அலையை வெளியே நிறுத்தும் அதே சுவர், எண்ணெயை உள்ளே அடைத்தது.

மாயேபூர் உலாச்சாலையில் ஆயிரக்கணக்கானோர் கூடி, கரும்புச் சோகையைத் துணிப்பையில் அடைத்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்ததும், எண்ணெயை உறிஞ்சுவதற்கென, வெட்டிய தலைமயிரைச் சேகரித்துக் கொடுத்ததும் இத்தீவின் அண்மைக் கால வரலாற்றில் மறக்கக் கூடாத நாட்கள். இந்தக் கரை பொதுச் சொத்து என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கோடு நகர்ந்தால் உரிமை என்ன ஆகும்

சட்டத்தின் கோட்டைக் கடல் வரைகிறது என்று தொடக்கத்தில் சொன்னதன் விளைவு இங்கே தெரிகிறது. மணல் இங்கே பெரும்பாலும் பவளத்துண்டும் சிப்பித்தூளும் ஆனது. அதை உண்டாக்குவது திட்டு. 2016-இல் போலக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் வெளுக்கிறது. வெளுத்த பவளம் மீளாவிட்டால் இரண்டு விளைவுகள் உண்டு: புது மணல் குறைகிறது, திட்டு தேய்ந்து அதிக அலையை உள்ளே விடுகிறது. கட்டட வேலைக்காக லாகோன் மணலைத் தோண்டுவது 2001-இல் தடைசெய்யப்பட்டது. மாயேபூர்ப் படகுக்காரர்கள் பலர் அதனால் பிழைப்பை இழந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. என்றாலும் அந்தத் தடை தேவையானது என்றே கருதுகிறேன்.

கரை அரிக்கும்போது உயர்ந்த ஏற்றத்தின் கோடு நிலப்பக்கமாக நகர்கிறது. இயற்கைக் கரையாக இருந்தால் மணலும் கூடவே பின்வாங்கி, நடக்கும் இடம் மிஞ்சும். மதில் கட்டிய கரையில் கோடு மதிலில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. மதிலில் மோதித் திரும்பும் அலை அடியிலுள்ள மணலையும் அள்ளிப் போகிறது. சட்டப்படி பொதுவான பகுதி ஒரு சதுர அடிகூடக் குறைக்கப்படாமலே, நடப்பதற்கு மணல் இல்லாமல் போகிறது. புதிய கட்டடங்கள் ஏற்றக் கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற திட்டமிடல் விதி இதற்காகவே. பழைய மதில்கள் அந்த விதிக்கு முந்தியவை.

ஆகவே புவாந்த் தெஸ்னியில் ஒரு மதில் குறுக்கே வந்து, தண்ணீர் அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், தோட்டத்துக்குள் ஏற வேண்டாம். ஆழத்தில் சுற்றிப்போகப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லவும் வேண்டாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் போலத்தான். சாலைப் பக்கம் போய்க் கடலுக்கு இறங்கும் அடுத்த பொதுச் சந்தில் மறுபடி மணலுக்கு வரலாம், அல்லது நிழலில் காத்திருக்கலாம். நீர் இறங்கியதும் மதிலின் அடியில் ஈர மணல் தெரியும். அந்த மணலில் நடக்கலாம்.